கை படாத குதிரைக்குட்டி: முதல் வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதக் கை அதிகம் படாமல் வளர்ந்த பெண்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் தொட விடும்?" என்பதுதான். நாள் கணக்கு என்னால் சொல்ல முடியாது. குட்டிக்குக் குட்டி மாறும். அந்த நாளை நாமே எப்படித் தள்ளிப்போடுகிறோம் என்பதை வேண்டுமானால் சொல்லலாம். அடித்து உதைத்துக் கெடுத்த குட்டிகள் உண்டுதான். ஆனால் நான் பார்த்தவரை, பாசம் பொங்கி அவசரப்பட்டவர்கள் கையில் கெட்டவையே அதிகம்.

சரி, வண்டியிலிருந்தே தொடங்குவோம்.

வந்து இறங்கும் நாள்

கயிறே அறியாத குட்டியைத் தலை உயர்த்திக் கட்டி ஏற்றிவருவது முதல் தவறு. தலையைத் தாழ்த்தினால்தான் குதிரையின் மூச்சுக்குழாயில் சேரும் தூசும் சளியும் வடியும். பல மணி நேரம் தாழ்த்த முடியாமல் நின்றுவந்த குதிரைக்கு நுரையீரலில் தொற்று பிடித்து உயிருக்கே ஆபத்தாவதுண்டு. தடுப்புப் பலகைகளை எடுத்துவிட்டு, தரையில் வைக்கோல் பரப்பி, கட்டாமல் நிற்கவிட்டுக் கொண்டுவருவதே நல்லது. வந்து சேர்ந்தபின் அதைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகவும் முடியாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வண்டியின் பின்கதவை அடைப்பின் வாசலோடு ஒட்டி நிறுத்த முடியுமா என்று முந்தின நாளே பார்த்துவையுங்கள்.

"பாவம், விசாலமாக ஓடட்டும்" என்று பெரிய புல்வெளியில் திறந்துவிடுவது அடுத்தது. அதன்பிறகு மாதக்கணக்கில் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதைவிட மோசம், பழக்கமில்லாத வேலியில் முழு வேகத்தில் போய் மோதுவது. அமெரிக்காவில் பொதுநிலக் காட்டுக்குதிரைகளைத் தத்துக் கொடுக்கும் அரசு அமைப்பு, ஒரு குதிரைக்குக் குறைந்தது 400 சதுர அடி அடைப்பு வேண்டும் என்கிறது. 18 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 5 அடி, வளர்ந்த குதிரைக்கு 6 அடி உயர வேலி வேண்டும் என்பதும் அவர்கள் விதி. காட்டுக்குதிரைக்குச் சொன்னதுதான், ஆனால் நம் குட்டிக்கும் அது நல்ல அளவுகோல். முள்கம்பி வேண்டவே வேண்டாம். மெல்லிய கம்பி என்றால் துணிக் கீற்றுகளாவது கட்டிவிடுங்கள், கண்ணுக்குத் தெரியட்டும். பகல் வெளிச்சத்தில் வந்து சேரும்படி பயணத்தை அமைத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

தனியாக அடைத்துவைத்தால் நம்மிடம் சீக்கிரம் ஒட்டும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஒட்டாது, பயம்தான் கூடும். கூட்டத்தில் பிறந்த பிராணி அது. காவலுக்கு இன்னொன்று நிற்காவிட்டால் நிம்மதியாகப் படுக்கக்கூடத் தயங்கும். படுக்காமல் குதிரைக்கு முழுத் தூக்கம் கிடையாது. நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு பகுதிக்கு அது தரையில் சாய்ந்தே ஆக வேண்டும். மறுபக்கம், வந்த அன்றே மற்றக் குதிரைகளோடு கலந்துவிடவும் கூடாது. ஸ்ட்ராங்கிள்ஸ் என்கிற தொண்டைக் கட்டி நோய் தொற்றி 3 முதல் 14 நாள் கழித்தே காய்ச்சலாகத் தெரியும். ஆகவே இரண்டு மூன்று வாரம் மூக்கு உரச முடியாத இடைவெளியில், ஆனால் கண்ணில் படும்படி, சாதுவான ஒரு குதிரை எதிரில் நிற்கட்டும். தண்ணீர் வாளி தனி. புதுக்குட்டியிடம் போய்வந்த கையோடு மற்றக் குதிரையைத் தொடாதீர்கள்.

தீனி

பழைய இடத்தில் தின்ற காய்ந்த புல்லில் ஒரு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்கிவரத் தவறுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து, ஒன்று முதல் இரண்டு வாரத்தில் மாற்ற வேண்டும். குதிரையின் பெருங்குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் திடீர் மாற்றத்தைத் தாங்காது. அப்படி வயிறு கெட்டால் வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் குதிரையால் முடியாது. கோலிக் என்று மருத்துவர்கள் சொல்லும் வயிற்று வலியில் பலவும் இப்படித் தொடங்குவதுதான்.

மனதைக் கவரத் தானியத்தை அள்ளி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் அளவு காய்ந்த புல்தான் ஒரு நாளின் அடிப்படை. இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருப்பதால், கொறிக்க எப்போதும் ஏதாவது இருக்க வேண்டும். தானியம் கூடினால் பயந்த குட்டிக்குத் துள்ளலும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான் லாபம். அப்புறம் தண்ணீர்: ஓடையில் குடித்து வளர்ந்த குட்டிக்கு, உஸ்ஸென்று சத்தமிட்டுத் தானாக நிரம்பும் கிண்ணம் ஒரு பூதம். அகலமான தொட்டி வையுங்கள், அளவைக் குறித்துவைத்து உண்மையில் குடிக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது விலகுகிறோம் என்பதே பாடம்

இந்த ஒன்று பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். குட்டிக்கு நாம் அருகில் வருவதே ஒரு நெருக்கடி. நெருக்கடி எந்தக் கணத்தில் விலகுகிறதோ, அந்தக் கணத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ அதுவே பலன் தந்தது என்று அது எழுதிவைத்துக்கொள்கிறது. நீங்கள் அதன் தோளில் கை வைக்கிறீர்கள். அது வெடுக்கென்று சிலிர்க்கிறது. "சரி சரி, பயப்படாதே" என்று கையை எடுக்கிறீர்கள். உங்கள் கணக்கில் அது பரிவு. அதன் கணக்கில், சிலிர்த்தால் கை போய்விடும். நாளைக்கு இன்னும் பலமாகச் சிலிர்க்கும், பத்து நாளில் உதைக்கும்.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு குட்டியின் காதைத் தொடும்போதெல்லாம் அது தலையை உயர்த்தும், நான் கையை இறக்குவேன். ஒட்டகச்சிவிங்கி மாதிரி தலையைத் தூக்க நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். மாற்றியெடுக்க மூன்று வாரம் ஆனது.

ஆகவே தாங்கக்கூடிய அளவு மட்டும் கேளுங்கள். அது ஓடத் தீர்மானிப்பதற்கு முன்னாலேயே, அசையாமல் நிற்கும் அந்த நொடியிலேயே, நீங்களாகத் திரும்பி நடந்துவிடுங்கள். ஒரு எட்டு முன்னே, இரண்டு எட்டு பின்னே என்றுதான் முதல் நாள்கள் போகும். பார்ப்பவர்களுக்கு நீங்கள் எதுவுமே செய்யாத மாதிரி இருக்கும்.

இதில் ஒரு வலை உண்டு: அசையாமல் நிற்பதெல்லாம் சம்மதம் இல்லை. மூலையில் மடக்கி, உடம்பெல்லாம் தடவி, "பாருங்கள், ஒரே நாளில் பழகிவிட்டது" என்று காட்டுகிறவர்களின் குட்டியைக் கவனியுங்கள். வாய் இறுகி, மூக்குத்துளை விறைத்து, கண்ணுக்கு மேல் தசை முக்கோணமாக மடிந்து, வால் ஒட்டிக்கிடக்கும். தப்ப வழியில்லை என்று உறைந்துபோன உடல் அது. அடுத்த வாரம் வழி தெரிந்ததும் வெடிக்கும். "திடீரென்று குணம் மாறிவிட்டது" என்பார்கள். நிஜமாகவே தளர்ந்த குட்டி தலையைத் தாழ்த்தும், பெருமூச்சு விடும், ஒரு காதை உங்கள் பக்கம் திருப்பிவிட்டுப் புல் மேயும்.

நெற்றியைத் தடவ நேராகக் கை நீட்டுவதும் வழக்கமான பிழை. குதிரைக்கு ஏறத்தாழ 350 பாகை சுற்றிலும் தெரியும். தெரியாத சிறு பகுதிகள் இரண்டு: ஒன்று வாலுக்கு நேர் பின்னால், மற்றது நெற்றிக்கு நேர் முன்னால். நீட்டிய கை அங்கே போய் மறைந்துவிடுகிறது. பக்கவாட்டில் தோளை நோக்கிப் போங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது பிடரி முடியும் மேட்டில்தான். அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தட்டிக்கொடுப்பது நம் ஊக்கம். அதற்குப் பிடித்தது சொறிவது. இரண்டு பக்கமும் செய்யுங்கள். இடப்பக்கம் பழகிய குட்டி, வலப்பக்கம் போனால் உங்களைப் புது ஆளாகப் பார்க்கும்.

கையிலிருந்து தின்பண்டம் ஊட்டுவதை நான் முழுக்க எதிர்க்கவில்லை. ஆனால் அனுபவமில்லாதவர்கள் கையில் அது கடிக்கப் பழக்குவதில்தான் முடிகிறது. கிண்ணத்தில் போடுங்கள்.

கயிறும் கட்டும்

ஹால்டர் என்கிற தலைப்பட்டையை மாட்டுவது பெரும்பாடு என்பதால் மாட்டியதைக் கழற்றாமல் விட்டுவிடும் ஆசை வரும். குட்டி பின்னங்காலால் காதைச் சொறியும்போது குளம்பு அதில் சிக்கினால் கழுத்தோ காலோ போகும். தலை வளர வளர பட்டை தோலுக்குள் புதைவதும் உண்டு. வேறு வழியே இல்லை என்றால் இழுத்தால் அறுந்துவிடும் வகையைப் போட்டு, தினமும் விரல் விட்டுப் பாருங்கள்.

"கம்பத்தில் கட்டிப்போடு, இழுத்து இழுத்து அடங்கிவிடும்" என்ற பழைய யோசனையைக் கேட்காதீர்கள். தலைக்குப் பின்னால் அழுத்தம் விழுந்தால் எதிர்த்து இழுப்பதுதான் குட்டிக்குத் தெரியும். இழுப்புக்கு இணங்குவது கற்றுக்கொடுக்க வேண்டிய விஷயம். கற்காத குட்டி பின்னுக்குத் தன்னையே எறிந்து மல்லாந்து விழுந்தால் கழுத்தெலும்பு பழுதாகும். முதலில் தோளருகே நின்று கயிறைப் பக்கவாட்டில் மெல்ல இறுக்குங்கள். மூக்கு ஒரு அங்குலம் திரும்பினாலும் உடனே தளர்த்துங்கள். முன்னால் நின்று இழுபறி போட்டால் ஜெயிக்கப்போவது நீங்கள் இல்லை. கயிறைக் கையில் சுற்றிக்கொள்வதைப் பற்றி ஒரே வரி: விரல்கள் வேண்டுமென்றால் சுற்றாதீர்கள்.

வயிறு, பல், முதுகு

ஆண்குட்டிகளும் திரிந்த கூட்டத்திலிருந்து வந்த பெண்குட்டி சினையாக இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. இரண்டு வயது ஆகும் முன்பே பருவத்துக்கு வரும், சினைக்காலம் சுமார் 11 மாதம். "நல்லா வயிறு வைத்திருக்கிறாளே" என்று மகிழ்ந்தவர்கள் ஒரு காலையில் இரண்டு தலைகளை எண்ணியிருக்கிறார்கள். அதே தொந்தி குடற்புழுவாலும் வரும். அதற்கு உடனே பலமான மருந்தைக் கொடுத்துவிடுவதும் தவறு. நிறைய உருண்டைப்புழு இருக்கும் குட்டியில் அவை மொத்தமாகச் செத்துக் குடலை அடைத்துவிடக்கூடும். சாணத்தைச் சோதித்து, மருத்துவர் சொல்லும் மருந்தைச் சொல்லும் வரிசையில் கொடுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதும் அன்றைக்கே கேட்க வேண்டியது. அந்த நோய்க்கு எளிதில் பலியாகும் பிராணிகளில் குதிரை முன்வரிசை.

சாதுவாகிவிட்டது என்பதற்காக ஏறி உட்காரக் கணக்குப் போட வேண்டாம். முழங்காலுக்கு மேலுள்ள எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு மூடவே இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்பில் அது 5 வயதைத் தாண்டும். பால்பற்கள் விழுந்து முளைக்கும் இரண்டரை முதல் நாலரை வயதுவரை, வாயில் கடிவாளம் வலிக்கும் நாள்களும் வரும்.

குளம்பு சீவும் முதல் நாள் மட்டும் தள்ளிப்போட முடியாதது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கொருமுறை அது தேவைப்படும். லாடக்காரர் வந்த அன்றுதான் முதன்முதலாகக் காலைத் தூக்கிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் முன்பே தினமும் ஒரு காலை இரண்டு நொடி தூக்கி, அது பிடுங்கும் முன் நீங்களே கீழே வைத்துப் பழக்கியிருக்க வேண்டும். அன்றைக்கு முன்னங்கால் இரண்டு மட்டும் போதும் என்று சொல்லுங்கள். பின்னங்காலுக்கு இன்னொரு நாள் வர வேண்டுமா என்று அவர் முணுமுணுப்பார். அந்த நாளுக்கும் கூலி கொடுத்து அனுப்புங்கள்.