மலேசியாவில் குடும்பக் கடையில் சாப்பிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவுக்கு வரும் நம்மவர்கள் சின்னக் கடைகளில் செய்கிற முதல் தவறு, ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்து யாராவது மெனுவோடு வருவார்கள் என்று காத்திருப்பது. வர மாட்டார்கள். அம்மா அடுப்படியில் நிற்பார், அப்பா தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பார், மகனோ மருமகளோ கல்லாவில் இருப்பார். அன்றைக்கு என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எழுந்துபோய், சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காததால் வருகிற சிக்கல்கள்தான் இங்கே பெரும்பாலும்.

மலாய்க்காரர் கடையில் நாசி சம்பூர் என்று இருக்கும். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, வரிசையாக வைத்திருக்கும் குழம்பு, பொரியல், கறிகளில் வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்வது. கல்லாவில் இருக்கும் அக்கா தட்டை ஒரு பார்வை பார்த்து விலை சொல்வார். எடை கிடையாது, பட்டியல் கிடையாது, கண்கணக்குதான். (சோற்றுக்கு அடியில் முட்டையை ஒளித்து வைப்பது இந்த ஊரில் பழைய வேடிக்கை, அவர்களுக்கும் அது தெரியும்.) கோழி, காய்கறி, முட்டை வரைக்கும் பயமில்லை. பெரிய இறால், கணவாய், மீன் தலை, முழு மீன் என்று போனால்தான் விலை எகிறும். மீன் தலைக் கறி பெரும்பாலும் மூன்று நான்கு பேர் பகிர்ந்து சாப்பிடும் அளவில் வரும்; தனியாகப் போய் அதைச் சொல்லிவிட்டு அப்புறம் திகைக்காதீர்கள். கடலோரக் கடைகளில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு, ஒரு தட்டுக்கு இல்லை. கடைகள் விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம்தான், உள்நாட்டு வாணிக அமைச்சு சோதனைக்கும் வரும், ஆனால் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டபிறகு சட்டம் பேசுவதைவிட எடுக்கும் முன்பே "இனி பெராப்பா?", இது எவ்வளவு, என்று கேட்டுவிடுவது நல்லது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உள்ளூர்க்காரர்களே கேட்பார்கள்.

அடுத்தது, மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டியது. மலாய் கடையில் டாகிங் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். ஆடு காம்பிங், கோழி ஆயாம். இந்த மூன்று பெயர்களையாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பீஹூன் (அரிசிச் சேமியா) சூப், மீ (நூடுல்ஸ்) சூப் என்று சொன்னாலும் அந்தச் சூப் மாட்டு எலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம், "சூப் ஆயாமா, சூப் டாகிங்கா" என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. சீனர் கடைக் கதை வேறு. சார் குவே தியாவ் என்கிற வறுத்த பட்டை அரிசி நூடுல்ஸை அவ்வளவு மணக்க வைப்பது பல கடைகளில் பன்றிக் கொழுப்பு. முஸ்லிம் நண்பர்களுக்கு ஒன்று: "பன்றி இல்லை" என்று எழுதியிருப்பதும் ஹலாலும் ஒன்றல்ல. கோழி எப்படி அறுக்கப்பட்டது, சமையலில் மது சேர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பலகையில் வராது. ஹலால் சான்றிதழைத் தருவது ஜாக்கிம் என்கிற அரசாங்க இஸ்லாமியத் துறை. ஆனால் முஸ்லிம் குடும்பங்களே நடத்தும் சின்னக் கடைகளில் பல அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதே இல்லை, அதனால் சான்றிதழ் இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள்.

சைவக்காரர்கள்தான் பாவம். காய்கறி கேட்டால் காய்கறி வரும், கூடவே பெலாச்சானும் வரும். அது இறால் விழுது, கங்கோங் கீரைப் பிரட்டலில் கண்ணுக்கே தெரியாது. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பாலில் (மிளகாய்த் தொக்கு) நெத்திலி, சாயூர் லோடே என்கிற தேங்காய்ப்பால் காய்கறிக் குழம்பில் பல இடங்களில் உலர்ந்த இறால். பினாங்கு ஆசாம் லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸ் சூப்பில் இறைச்சித் துண்டு எதுவும் தெரியாது, ஏனென்றால் மீனைச் சூப்பிலேயே உதிர்த்துக் கரைத்திருப்பார்கள். "சைவம்" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. இறைச்சி, கோழி, மீன், இறால், பெலாச்சான், நெத்திலி எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், முட்டை வேண்டாமென்றால் அதையும் சேர்த்து. என்னைக் கேட்டால், கண்டிப்பான சைவம் என்றால் மலாய் கடையில் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தியச் சைவக் கடைக்கோ சீனர்களின் சைவக் கடைக்கோ போய்விடுங்கள். சீனர் சைவக் கடையில் வாத்து, மீன், கோழித் தொடை மாதிரியே இருப்பதைப் பார்த்து ஓடி வந்துவிடாதீர்கள், எல்லாம் சோயாவும் கோதுமையும் காளானும்தான்.

கோப்பித்தியாம் என்கிற சீனர் காப்பிக் கடையில் ஒரே கூரைக்கு அடியில் நான்கைந்து ஒட்டுக்கடைகள் இருக்கும். மீ விற்பவர் ஒரு குடும்பம், கோழிச்சோறு விற்பவர் இன்னொரு குடும்பம், பானம் பெரும்பாலும் கடைக்காரருடையது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி, உட்காரும் மேசையைக் காட்டிவிட்டு வரவேண்டும், சாப்பாடு வந்ததும் பல இடங்களில் அப்போதே காசு கொடுத்துவிட வேண்டும். மேசை பானக் கடைக்காரருடையது, ஆகவே குடிக்க எதுவும் சொல்லாமல் பாட்டில் தண்ணீரைப் பையிலிருந்து எடுத்து வைத்தால் முகம் சுளிப்பார், அது நியாயமும்கூட. வெறும் தண்ணீருக்கும் சில காசு கேட்பார்கள், அதற்குப் போய் சண்டை வேண்டாம். இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: பக்கத்துச் சீனர் கடையில் வாங்கிய உணவை முஸ்லிம் கடை மேசைக்குக் கொண்டுவருவது. அவர்களுடைய தட்டு, கரண்டி, மேசை எல்லாவற்றுக்கும் அது சிக்கல்.

தேநீர் சொல்லும்போது "தே" என்றால் இனிப்புக் கட்டிப்பால் போட்டுத்தான் வரும். பால் வேண்டாம், சீனி போதும் என்றால் தே ஓ. சீனியும் வேண்டாம் என்றால் தே ஓ கோசோங். இனிப்பு குறைவாக என்றால் கூராங் மானிஸ். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தச் சொற்களைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வாரம் இங்கே ஓட்டுவது சிரமம்.

நேரத்தைப் பார்க்காமல் போவதும் ஒரு தவறு. காலைக் கடை என்றால் காலைக் கடைதான், பதினொரு மணிக்குப் போனால் "ஹாபிஸ்" என்பார்கள், முடிந்தது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல மூடியிருக்கும். கிளந்தான், திரெங்கானு, கெடா மாநிலங்களில் வார விடுமுறையே வெள்ளியும் சனியும். நோன்பு மாதத்தில் மலாய் கடைகள் பெரும்பாலும் பகலில் திறக்காது, சாயங்காலம்தான் உயிர் வரும். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் போய் இடம் கேட்காதீர்கள், மேசைகள் முன்பே பேசி வைக்கப்பட்டிருக்கும். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி என்றால் அந்தந்தக் குடும்பம் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும், கடை ஒரு வாரம்கூட மூடியிருக்கலாம்.

வாழை இலைக் கடைக்குப் போனால் சோறும் காய்கறியும் பெரும்பாலும் மறுபடி மறுபடி போடுவார்கள், கூடுதல் காசு இல்லை. கோழி, ஆடு, நண்டு, மீன் என்று தட்டில் கொண்டுவந்து காட்டுவது எல்லாம் தனி விலை, நீட்டினார்களே என்று வாங்கி வைத்துவிட்டால் கணக்கில் ஏறிவிடும். அப்புறம் தயவுசெய்து, "எங்கள் ஊர் சாம்பார் இப்படி இருக்காது" என்று ஆரம்பிக்காதீர்கள். நான்கைந்து தலைமுறையாக இங்கே சமைக்கும் குடும்பத்தின் கை அது, அது வேறு மாதிரிதான் இருக்கும்.

கூப்பிடும்போது விரல் சொடுக்குவது, "ஹலோ" என்று கத்துவது வேண்டாம். வயதான மலாய் அம்மாவை மாக்சிக், கொஞ்சம் இளையவரை காக், சீனர்களை அங்கிள், ஆண்ட்டி, நம்மவர்களை அண்ணே, அக்கா என்று கூப்பிடலாம். எதுவும் தோன்றவில்லை என்றால் "போஸ்", எல்லோருக்கும் பொருந்தும். சிகரெட்டை எடுக்காதீர்கள்: 2019 ஜனவரி 1 முதல் உணவுக் கடைகளில் தடை, திறந்தவெளி மேசைக்கும் அது உண்டு, மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

காசு விஷயத்தில் டிப்ஸ் வைக்கும் வழக்கம் இங்கே இல்லை, பேரம் பேசும் வழக்கமும் இல்லை. உணவுக்கான சேவை வரி 6 விழுக்காடு, ஆனால் ஆண்டு வியாபாரம் 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் கடைகளுக்குத்தான் அது, சின்னக் குடும்பக் கடையில் அந்த வரி பொதுவாக வராது. வெளிநாட்டு அட்டையை நம்பிப் போகாதீர்கள். சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்குக்கானது. பத்து, ஐந்து, ஒரு ரிங்கிட் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள், காலை ஏழு மணிக்கு நூறு ரிங்கிட் தாளை நீட்டினால் கல்லாவில் சில்லறை இருக்காது.

பார்சல் வேண்டுமென்றால் சீனர் கடையில் தாப்பாவ், மலாய் கடையில் புங்குஸ், எங்கே எதைச் சொன்னாலும் புரியும். நாசி லெமாக்கை வாங்கி அறையில் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, இந்தப் புழுக்கத்தில் மதியத்துக்கு மேல் தாங்காது.