'காலமானார்' என்று தட்டும் முன்

2016 டிசம்பர் 5. சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில், முதல்வர் ஜெயலலிதா காலமானார் என்று சில தமிழ் சேனல்களில் ஓட ஆரம்பித்தது. ராயப்பேட்டை அதிமுக தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. அப்புறம் அப்போலோ மருத்துவமனை மறுத்தது, சிகிச்சை தொடர்கிறது என்றது. இறங்கிய கொடி மறுபடி ஏறியது. மருத்துவமனை பின்னர் அறிவித்த மரண நேரம் இரவு 11.30.

பெரிய செய்தியில் முதல் தவறு இதுதான்: பக்கத்து சேனலைப் பார்த்துப் போடுவது. நாலு சேனலில் ஓடினால் நாலு ஆதாரம் என்று செய்தி டெஸ்க்கில் இருப்பவருக்குத் தோன்றும். நாலு ரிப்போர்ட்டரும் ஒரே ஆளுக்குப் போன் போட்டிருக்கலாம். இறங்கிய கொடியும் ஆதாரமில்லை. இறக்கியவரே டிவியைப் பார்த்து இறக்கியிருக்கலாம்.

சரி, பெரிய பதவியில் இருப்பவர் சொன்னால்? 1979 மார்ச்சில் பிரதமர் மொரார்ஜி தேசாயே நாடாளுமன்றத்தில், ஜே.பி. என்று அழைக்கப்பட்ட மூத்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் மறைந்துவிட்டதாக அறிவித்தார். ஜே.பி. உயிரோடு இருந்தார், இறந்தது அக்டோபரில். பதவியைப் பார்க்காதீர்கள், படுக்கைக்கு அருகில் இருப்பவர் யார் என்று பாருங்கள். மருத்துவமனையின் அறிக்கையோ குடும்பத்தாரின் வார்த்தையோ வரும்வரை 'கவலைக்கிடம்' போதும்.

மழைக்காலத் தவறு வேறு மாதிரி. சென்னையை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி 'செம்பரம்பாக்கத்தில் 24 அடி திறப்பு' என்று ஒரு வரி வரும். 24 அடி ஏரியின் முழு உயரம். 3,645 மில்லியன் கன அடி அதன் கொள்ளளவு. திறந்துவிடுவது விநாடிக்கு இத்தனை கன அடி. 2015 டிசம்பர் 1 இரவு அது சுமார் 29,000. மூன்றும் மூன்று கணக்கு. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அந்தத் தண்ணீர் ஓடும் அடையாற்றின் கரையில், சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் இருப்பவர்கள் மூட்டை கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். 'விநாடிக்கு' என்ற சொல்லை இடமில்லை என்று வெட்டும் சப் எடிட்டரை எனக்குப் பிடிக்காது.

பழைய வெள்ள வீடியோவைப் புதிது என்று போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடைப் பலகையையும் பஸ்ஸின் நிறத்தையும் பார்த்தாலே பாதி பிடிபடும்.

தவறு நேர்ந்தால் பதிவைச் சத்தமில்லாமல் நீக்காதீர்கள். எந்த அளவு எழுத்தில் 'பிரேக்கிங்' ஓடியதோ, அதே எழுத்தில் திருத்தமும் ஓட வேண்டும்.

இன்னொன்று, இரங்கல் கட்டுரையை முன்கூட்டியே எழுதி வைப்பதில் தப்பில்லை, எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். ஆனால் அந்தக் கோப்பின் தலைப்பிலேயே 'உயிரோடு இருக்கிறார், வெளியிடாதே' என்று எழுதி வையுங்கள். நைட் ஷிஃப்ட்டில் இருப்பவர் புதியவராக இருக்கலாம்.