வைன்: ஸ்டேபிள் போடுவதா, டெவலப்மென்ட் போடுவதா?

லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்ட வைன் நிறுவப் போனால் ஸ்டேபிள், டெவலப்மென்ட், ஸ்டேஜிங் என்று மூன்று கிளைகள் வந்து நிற்கும். பலர் ஸ்டேபிள்தான் பத்திரம் என்று அதைப் போடுகிறார்கள், மென்பொருள் திறக்கவில்லை என்றதும் வைனே உதவாது என்று விட்டுவிடுகிறார்கள். அதே கோளாறு டெவலப்மென்டில் எப்போதோ சரியாகியிருக்கலாம், அதுதான் வருத்தம்.

முதலில் எண்ணைப் பாருங்கள். 9.0, 10.0 என்று புள்ளிக்குப் பின் வெறும் சுழியம் மட்டும் இருந்தால் ஸ்டேபிள், இது வருடத்துக்கு ஒருமுறை, வழக்கமாக ஜனவரியில் வரும். 8.0.1 மாதிரி மூன்று எண் இருந்தால் அதே ஸ்டேபிளுக்கு வந்த சின்னத் திருத்தம், புது வசதி எதுவும் இருக்காது. 9.1, 9.2 என்று போவதெல்லாம் டெவலப்மென்ட், ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஸ்டேஜிங் என்பது டெவலப்மென்டின் மேல் இன்னும் முழுதாக ஏற்கப்படாத பேட்ச்களையும், அதாவது நிரல் மாற்றங்களையும், சேர்த்தது.

இப்போது உங்கள் மென்பொருளை வைத்து முடிவெடுங்கள். தினமும் பில் போடும் பழைய கணக்கு மென்பொருள் ஸ்டேபிளில் ஒழுங்காக ஓடுகிறதா, சரி, அதைத் தொடாதீர்கள். ஓடவில்லை, அல்லது புதிதாக வந்த மென்பொருள் என்றால் யோசிக்காமல் டெவலப்மென்ட். அதிலும் முடியாமல், உங்களுக்குத் தேவையான பேட்ச் ஸ்டேஜிங்கில் இருப்பது தெரிந்தால் மட்டும் அங்கே போங்கள். எந்த மென்பொருள் வைனில் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் பதிவு செய்யும் ஆப்டிபி தளத்தில் உங்கள் மென்பொருளைத் தேடும்போது பிளாட்டினம், கோல்டு என்ற மதிப்பீட்டை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள், எந்த வைன் பதிப்பில், எப்போது சோதித்தார்கள் என்று பாருங்கள், பத்து வருடத்துக்கு முந்தைய பிளாட்டினத்தை வைத்து இன்று எதுவும் சொல்ல முடியாது.

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை கட்டாயம். வைன் எல்லாவற்றையும் பிரிஃபிக்ஸ் என்ற ஒரே ஃபோல்டரில்தான் வைக்கிறது, நீங்கள் வேறு இடம் சொல்லாவிட்டால் அது ஹோம் ஃபோல்டருக்குள் டாட் வைன் (.wine) என்ற பெயரில் மறைந்திருக்கும். புதுப் பதிப்பு முதல்முறை ஓடும்போது அதைத் தனக்கேற்ப மாற்றிவிடும், அப்புறம் பழைய பதிப்புக்குத் திரும்பினால் அதே ஃபோல்டர் ஒழுங்காக வேலை செய்யும் என்று உறுதியில்லை. அதனால் முழு ஃபோல்டரையும் நகலெடுத்து வையுங்கள். முக்கியமான மென்பொருளுக்குத் தனி பிரிஃபிக்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டில்ஸ், லூட்ரிஸ் போன்ற வைனை நிர்வகிக்கும் மென்பொருள்களில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் வேறு வேறு வைன் பதிப்பையே தேர்ந்தெடுக்கலாம், எனக்குப் பிடித்த வழி அதுதான்.

டெவலப்மென்டுக்கு மாறியபின் முன்பு ஓடியது நின்றுபோனால் சும்மா திரும்பி வந்துவிடாதீர்கள், கடைசியாக எந்தப் பதிப்பில் ஓடியது, எதில் நின்றது என்று வைனின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் எழுதுங்கள், அந்த இரண்டு எண்களும் பிழையைத் தேடுபவர்களுக்குப் பெரிய உதவி. டிசம்பர் வாக்கில் புது வசதி சேர்ப்பதை நிறுத்திவிட்டு வாரம் ஒரு ஆர்சி (ஸ்டேபிளுக்கு முந்தைய சோதனை) பதிப்பு விடுவார்கள், பிழைத் திருத்தம் மட்டும் நடக்கும் அந்த நேரத்தில் சோதித்துச் சொன்னால் ஜனவரி ஸ்டேபிளுக்குள் உங்கள் பிழை சரியாக நல்ல வாய்ப்பு உண்டு.