வளைவைப் பார்த்துக் காலம் சொல்வது எப்படி

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்க்கிறவன் நான். டெல்லி, பிஜாப்பூர் போய் சுல்தான்கள், முகலாயர் காலத்துக் கட்டடங்கள் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கும்மட்டம் இருக்கட்டும், முதலில் வளைவில் கல் எப்படி அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள்.

கற்கள் படுக்கையாக, ஒன்றைவிட ஒன்று முன்தள்ளி வந்து உச்சியில் கூடினால் டெல்லி சுல்தான்களின் ஆரம்பக்காலம். குதுப் மினார் வளாகத்து மசூதியின் முகப்பு அப்படித்தான். உள்ளூர் கொத்தர்களுக்குப் பழகிய முறை அது. ஆப்பு வடிவக் கற்கள் விசிறியாக விரிந்தால் அடுத்த கட்டம்: டெல்லி சுல்தான் பல்பனின் கல்லறை, அப்புறம் 1311-இல் குதுப் வளாகத்து வாயில் மண்டபமான அலாய் தர்வாசா. அதன் வளைவு விளிம்பில் மொட்டு வரிசை தொங்கும், விட்டுவிடாதீர்கள்.

விளிம்பு இதழ் இதழாக இருந்தால் பெரும்பாலும் ஷாஜகான் காலம், டெல்லி செங்கோட்டையில் பொதுமக்களைச் சந்திக்கும் மண்டபமான திவான்-இ-ஆம் போல. நம்ம செட்டியார் வீடுகள் சிலவற்றிலும் இந்த இதழ் வளைவு உண்டு. அதற்காக முகலாயர் கட்டியது என்று சொல்லிவிடாதீர்கள்!

பிஜாப்பூரில் பூச்சு மூடியிருந்தால் கல் மூட்டு தெரியாது. அங்கே கும்மட்டத்தின் அடியைப் பாருங்கள், சுற்றிலும் தாமரை இதழ்கள், அதுதான் அந்த ஊர்ப் பாணிக்கு அடையாளம். 1656-இல் எழுந்த பெரிய கும்மட்டக் கல்லறையான கோல் கும்பஸில் எல்லாரும் எதிரொலி கேட்கத்தான் ஓடுகிறார்கள். உள்ளே வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி அத்தனை பாரத்தையும் வாங்குவதைப் பார்க்காமல் வந்தால் டிக்கெட் காசு வீண்.