ஐஸும் கல்லுப்பும் கொண்டு ஓர் எரிமலைப் பாடம்

ஜப்பானில் ஏன் இத்தனை எரிமலைகள் என்று கேட்டால், பூமிக்குள் இருக்கும் சூடு என்று பலரும் சொல்வார்கள். சூடு நம் காலுக்கு அடியிலும் இருக்கிறது. ஆனால் ஜப்பானுக்கு அடியில் பாறையை உருக வைப்பது கடல்நீர். இதைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம்.

தேவையானவை: ஐஸ் கட்டிகள், கல்லுப்பு, இரண்டு எவர்சில்வர் தம்ளர்கள், 0 டிகிரிக்குக் கீழேயும் காட்டும் வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது.

படி 1: ஐஸைத் துணியில் சுற்றி நொறுக்கி, இரண்டு தம்ளர்களிலும் சமமாக நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு கலந்து கிளறுங்கள்.

படி 2: ஐந்து நிமிடம் கழித்து வெப்பமானியை வையுங்கள். வெறும் ஐஸ் 0 டிகிரியை ஒட்டி நிற்கும். உப்பு கலந்தது அதைவிடப் பல டிகிரி கீழே இறங்கியிருக்கும். தம்ளரின் வெளிப்புறத்தில் வெண்பனி பூத்திருக்கும். ஆனாலும் உள்ளே ஐஸ் நீராகிக்கொண்டேயிருக்கும்! இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நாம் சூடு எதுவும் ஏற்றவில்லை. உருகுவதற்குத் தேவையான வெப்பநிலையை உப்பு இறக்கிவிட்டது. குல்ஃபி விற்பவர் பானைக்குள் ஐஸோடு உப்பைப் போடுவதும் இதற்காகத்தான். கலவைக்குள் விரலை விட வேண்டாம், தோல் புண்ணாகும்.

படி 3: இப்போது ஐஸை மேன்டில் (பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் தடித்த பாறை அடுக்கு) பாறை என்றும், உப்பை நீர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 100 கி.மீ. ஆழத்தில் உலர்ந்த மேன்டில் பாறை உருக 1400 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வேண்டும். நீர் சேர்ந்தால் 1000 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும்.

படி 4: அவ்வளவு ஆழத்துக்கு நீர் எப்படிப் போகிறது? நீற்றிய சுண்ணாம்புத் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்த தூள்தான், ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு உள்ளே கட்டுண்ட நீர். கடலடிப் பாறையின் வெடிப்புகளில் கடல்நீர் புகும்போது உண்டாகும் செர்பென்டைன் என்ற கனிமமும் இப்படித்தான். 100 கிராமில் சுமார் 13 கிராம் நீர் அடங்கியிருக்கும். பசிபிக் கடலடியில் நகரும் பெரும் பாறைப் பலகையான பசிபிக் தட்டு இந்தச் சுமையோடு ஆண்டுக்கு 8 செ.மீ.க்கும் மேல் ஜப்பானுக்கு அடியில் செருகுகிறது. ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் ஏற ஏற கனிமம் சிதைந்து நீர் பிரிகிறது. மேலே இருக்கும் சூடான மேன்டிலுக்குள் ஏறுகிறது. உருகுவது பெரும்பாலும் அந்த மேன்டில்தான். இறங்கும் தட்டே உருகுகிறது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்; அது சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்தது.

படி 5: வரைபடத்தில் ஜப்பான் அகழியிலிருந்து (தட்டு கீழே செருகத் தொடங்கும் இடத்தில் இருக்கும் ஆழ்கடல் பள்ளம்) இவாட்டே, ஸாவோ எரிமலைகள் வரை அளந்து பாருங்கள். 250 முதல் 300 கி.மீ. வரும். சரிந்து இறங்கும் தட்டு அந்த எரிமலைகளுக்கு நேர் கீழே சுமார் 100 கி.மீ. ஆழத்தை எட்டியிருக்கிறது.

அளந்து முடித்ததும் அந்தமான் பக்கம் வாருங்கள். தீவுகளுக்கு மேற்கே அகழி, கிழக்கே இந்தியாவில் இன்று செயல்படும் ஒரே எரிமலையான பாரன் தீவு. அதே அளவுகோலை அங்கேயும் வைத்துப் பாருங்கள்.