சிபில் அறிக்கையில் தப்பான பதிவா? திருத்த வைப்பது இப்படி

நீங்கள் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் பதிந்து வைக்கும் சிபில் அறிக்கையில், அடைத்து முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டும். சரியான தேதியில் கட்டிய தவணை தாமதம் என்று பதிவாகியிருக்கும். வாங்கவே வாங்காத கடன் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும். புதுக் கடனுக்கு விண்ணப்பித்து, வங்கி கைவிரித்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. இப்படிப்பட்ட தவறைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் உரிமையை 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே தந்திருக்கிறது. இதற்கு இடைத்தரகர் யாரும் தேவையில்லை. "ஸ்கோரை (கடன் மதிப்பெண்ணை) ஏற்றித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் பான், ஆதார் விவரங்களைக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 1: அறிக்கையை எடுங்கள்

நாம் எல்லாவற்றையும் சிபில் என்றே சொல்கிறோம். ஆனால் இந்தியாவில் இந்த அறிக்கையைத் தரும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், எக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2017 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே போங்கள். நான்கையும் எடுப்பது நல்லது, ஒன்றில் இருக்கும் தவறு இன்னொன்றில் இல்லாமல் போகலாம்.

படி 2: ஸ்கோரை விட்டுவிட்டுப் பதிவுகளைப் படியுங்கள்

பெயர், பிறந்த தேதி, பான் எண் சரியா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு கடன் கணக்காக வாருங்கள். மாதவாரிக் கட்டத்தில் 000 என்றால் அந்த மாதம் தாமதம் இல்லை. 030 என்றால் 30 நாள் தாமதம். எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று இருந்தால் அந்த மாதத் தகவலைக் கடன் கொடுத்தவர் அனுப்பவில்லை என்று பொருள், பயப்பட வேண்டாம்.

'செட்டில்டு' (குறைத்த தொகைக்குப் பேசி முடித்தது), 'ரிட்டன் ஆஃப்' (வராக்கடன் என்று வங்கி தள்ளியது) ஆகிய இரண்டு சொற்களைக் கவனமாகத் தேடுங்கள். முழுத்தொகையும் கட்டிய கடனுக்கு 'செட்டில்டு' என்று போட்டிருந்தால் அது தவறு, விடாதீர்கள். தொகையைக் குறைத்துப் பேசி முடித்த கடன் என்றால் அந்தப் பதிவு சரியானதுதான். அதையும், உண்மையாகவே தாமதமான தவணையையும் புகார் கொடுத்து அழிக்க முடியாது. போன வாரம் அடைத்த கடன் இன்னும் திறந்திருப்பதும் தவறாகாது. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும், அதற்குச் சற்று நேரம் கொடுங்கள்.

படி 3: ஆதாரம் திரட்டுங்கள்

கடன் முடிந்தது, பாக்கி இல்லை என்று வங்கி தரும் என்.ஓ.சி. சான்று, பணம் போனதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மெண்ட், தவறான பதிவு உள்ள பக்கத்தின் நகல். பெரும்பாலும் இவையே போதும்.

படி 4: இரண்டு பக்கமும் புகார் கொடுங்கள்

கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்த வங்கியைக் கேட்டு, அது ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். அதனால் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள 'டிஸ்பியூட்' பகுதியிலும், வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் ஒரே நாளில் புகார் அனுப்புங்கள். சுருக்கமாக எழுதினால் போதும்:

"என் கடன் கணக்கு எண் ____. இதை ____ தேதியில் முழுமையாக அடைத்துவிட்டேன். ஆனால் அறிக்கையில் ____ ரூபாய் பாக்கி என்று உள்ளது. என்.ஓ.சி. இணைத்துள்ளேன். பதிவைத் திருத்தி எழுத்தில் தெரிவிக்கவும். மறுப்பதாக இருந்தால் காரணத்தைக் குறிப்பிடவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியது வங்கியின் கடமை. "ஸ்கோர் குறைவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் பலன் இல்லை, எந்தப் பதிவு தவறு என்று சுட்டிக்காட்ட வேண்டும். புகார் எண்ணையும் தேதியையும் பத்திரமாக வையுங்கள்.

வாங்காத கடன் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் ஆவணங்களை யாரோ பயன்படுத்தியிருக்கலாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ காவல் நிலையத்திலோ புகார் செய்து, அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.

படி 5: 30 நாளை எண்ணுங்கள்

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தீர்வு வர வேண்டும். வராவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேரும். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்த இந்த விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. 21 நாளுக்குள் திருத்திய தகவலைத் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பாவிட்டால் இழப்பீட்டை வங்கி கொடுக்கும். வங்கி நேரத்துக்கு அனுப்பியும் வேலை முடியாவிட்டால் தகவல் நிறுவனம் கொடுக்கும். புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளுக்குள் பணம் உங்கள் கணக்கில் வர வேண்டும். இதைப் பலர் கேட்பதே இல்லை. கேளுங்கள், அது உங்கள் பணம்.

படி 6: பதில் இல்லையா, ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள்

30 நாள் தாண்டியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை, அல்லது இழப்பீட்டை மறுக்கிறார்கள் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேனிடம், சி.எம்.எஸ். என்ற அதன் புகார் இணையதளம் வழியாகப் புகார் பதியலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் இந்த ஆம்புட்ஸ்மேன் திட்டத்துக்குள் வந்துவிட்டன.

திருத்தம் முடிந்தது என்று மின்னஞ்சல் வந்ததும் பதிவைத் திறந்து நேரில் பாருங்கள், மற்ற மூன்று நிறுவனங்களிலும் அது மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். அப்புறம், கடனை மறுத்த வங்கிக்குப் புதிய அறிக்கையை அனுப்பி விண்ணப்பத்தை மறுபடி பரிசீலிக்கச் சொல்லுங்கள்.