‘இது எங்கே ஓடப்போகிறது?’ என்று சொல்வதற்கு முன்

1989-இல் நின்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி வெளிவந்தபோது அதன் திரையில் வண்ணமே கிடையாது. பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை, அதில் நான்கு சாயல்கள், அவ்வளவுதான். பின்னொளியும் இல்லை. விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். அதே ஆண்டு வந்த அடாரி லிங்க்ஸில் வண்ணத்திரை, பின்னொளி இரண்டும் இருந்தன. அடுத்த ஆண்டு வந்த சேகாவின் கேம் கியரிலும் அப்படியே. மூன்றையும் அட்டவணை போட்டு ஒப்பிட்டவர்கள் கேம் பாயை ஓரங்கட்டியதில் வியப்பில்லை. ஆனால் கேம் பாயும் பின்னால் வந்த அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11.8 கோடிக்கும் மேல் விற்றன. லிங்க்ஸ் என்ற பெயரே இன்று பலருக்குப் புதிதாக இருக்கும்.

இப்படிப்பட்ட கதைகளைப் படிக்கும்போது, அந்தக் காலத்தில் எல்லோரும் விவரம் தெரியாமல் பேசியிருக்கிறார்கள் என்று தோன்றும். அது சரியில்லை. குறை சொன்னவர்கள் சுட்டிக்காட்டிய குறைகள் பெரும்பாலும் உண்மையானவை. கேம் பாயின் திரை நிஜமாகவே மங்கல்தான். பிசகியது தராசு இல்லை, எடைக்கல். புதிதாக ஒரு கருவி வரும்போது நாம் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கும் தப்பான எடைக்கற்கள் சில உண்டு. அவற்றை அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்வது வாங்குகிறவருக்கும் நல்லது, செய்து விற்க நினைக்கிறவருக்கும் நல்லது.

அட்டவணையில் இல்லாத வரியை விட்டுவிடுவது

லிங்க்ஸுக்கும் கேம் கியருக்கும் ஆறு பேட்டரிகள் வேண்டும். ஆறும் நான்கைந்து மணி நேரத்தில் காலியாகிவிடும். கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் தாராளமாக ஓடும். விலையிலும் அது லிங்க்ஸில் பாதிதான். கையில் பிடித்து விளையாடும் கருவியை வாங்குவதே வீட்டுக்கு வெளியே கொண்டுபோகத்தான். பாதி வழியில் அணைந்துபோனால் வண்ணத்திரை இருந்து என்ன பயன்? பேட்டரிக்குக் காசு கொடுப்பது விளையாடும் பிள்ளை இல்லை, பெற்றோர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பே யோகோய் இதைத் தெரிந்தே செய்தார். நன்றாகப் பழகி, விலை இறங்கி, புதுமை போய்விட்ட தொழில்நுட்பத்தை எடுத்து வேறு கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அவருடைய கொள்கை. திரை மங்கலாக இருந்தது அவருடைய கவனக்குறைவால் இல்லை. அவர் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தார், அதற்கான விலையைத் திரையில் கொடுத்தார்.

2001 அக்டோபரில் வந்த ஆப்பிளின் பாட்டுக் கருவி, முதல் ஐபாடுக்கும் இதே கதிதான். 5 ஜிபி இடம், விலை 399 டாலர், மேக் கணினி வைத்திருப்பவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். ‘கிரியேட்டிவ் நிறுவனத்தின் நோமாட் பாட்டுக் கருவியில் இதைவிட இடம் அதிகமே’ என்று சொன்னவர்கள் சொன்னது சரி. ஆனால் நோமாட் ஜூக்பாக்ஸ் ஒரு சிடி பிளேயர் அளவுக்கு இருந்தது. சட்டைப்பையில் போக வழியில்லை. அதோடு, ஐபாட் ஃபயர்வயர் என்ற வேகமான கம்பி இணைப்பு வழியாக ஒரு முழு சிடியின் பாட்டுகளைப் பத்து விநாடியில் இழுத்துக்கொள்ளும். பழைய யுஎஸ்பி வழியாகப் பாட்டு ஏற்றியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ‘நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்’ என்று எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் ஒரு வரி இருக்கவில்லை.

இன்றைய தேவையை எண்ணி நாளைய சந்தையைக் கணக்கிடுவது

என் கணிப்பில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நன்றாகப் படித்த, கணக்குத் தெரிந்த, பொறுப்பானவர்கள் செய்யும் தவறும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

செஸ்டர் கார்ல்சன் காப்புரிமைத் துறையில் வேலை செய்தவர். ஆவணங்களுக்கு நகல் எப்போதும் போதாது. ஒன்று, மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், இல்லையென்றால் படம் எடுக்க அனுப்ப வேண்டும். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், மின்னேற்றமும் தூளும் கொண்டு உலர்ந்த முறையில் முதல் நகலை எடுத்தார். அந்த நகலில் இருந்தது அன்றைய தேதியும் ‘அஸ்டோரியா’ என்ற இடப்பெயரும் மட்டும். அப்புறம் பல ஆண்டுகள் நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார். இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் கதவு திறக்கவில்லை.

கடைசியில் ஹாலாய்டு என்ற சிறிய நிறுவனம் இதைக் கையிலெடுத்தது. பிற்பாடு ஜெராக்ஸ் ஆனது அதுதான். 914 என்ற இயந்திரம் தயாரானபோது சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. அதைச் செய்யவே ஏறக்குறைய 2,000 டாலர் ஆனது. அலுவலகங்களில் அப்போதிருந்த நகல் இயந்திரங்களோ 300 டாலருக்குக் கிடைத்தன. அந்த இயந்திரங்களில் ஒரு நாளைக்குச் சராசரியாக 15 முதல் 20 நகல்தான் எடுத்தார்கள். இதில் கூட்டுச் சேரலாமா என்று ஐபிஎம்முக்காக ஆராய்ந்த ஆலோசனை நிறுவனம் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்து, இதற்குப் பெரிய எதிர்காலம் இல்லை என்றது. ஐபிஎம் விலகிக்கொண்டது.

கணக்கில் பிழை எதுவும் இல்லை. நாளைக்கு 20 நகல் எடுப்பவருக்கு இவ்வளவு விலை உயர்ந்த இயந்திரம் எதற்கு? ஆனால் அந்த 20 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பழைய இயந்திரத்தில் நகல் எடுப்பது ஈரமும் பிசுக்குமான வேலை, தனித் தாள் வேண்டும், எழுத்து மங்கும். அதனால்தான் ஆட்கள் 20-ஓடு நிறுத்திக்கொண்டார்கள். தேவை அவ்வளவுதான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவர்களுடைய பொறுமை அவ்வளவுதான்.

ஹாலாய்டு 1959-இல் 914-ஐ அறிமுகப்படுத்தி, மாதம் 95 டாலர் வாடகைக்கு விட்டது. முதல் 2,000 நகல் வாடகைக்குள் அடக்கம், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 4 சென்ட். ஏறக்குறைய 295 கிலோ எடையுள்ள அந்த இயந்திரத்தில் சாதாரணத் தாளைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் போதும், உலர்ந்த நகல் வந்து விழும். மாதத்துக்கு 2,000 போதும் என்று நினைத்தார்கள். வாடிக்கையாளர்கள் சராசரியாக ஒரு நாளைக்கே 2,000 எடுத்தார்கள்.

விலைச் சீட்டை மட்டும் பார்ப்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். 2007-இல் ஐபோன் அறிவிக்கப்பட்டபோது மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் 500 டாலர் விலையைச் சொல்லிச் சிரித்தது பலருக்கும் தெரிந்த கதை. பல ஆண்டுகள் கழித்து அவரே, தொலைபேசி நிறுவனங்களின் மாதக் கட்டணத்துக்குள் கைபேசியின் விலையைக் கரைக்கும் வழி தனக்குத் தோன்றாமல் போனதே என்று வருத்தத்தோடு சொன்னார். 95 டாலர் வாடகையின் பேரப்பிள்ளைதான் அது.

வாயால் கேட்டே முடிவெடுப்பது

3எம் நிறுவனத்தின் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்டுபிடித்த பசை சரியாக ஒட்டாது. ஒட்டும், உரித்தால் வந்துவிடும், மறுபடி ஒட்டும். அதற்கு ஒரு வேலை கண்டுபிடிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. அதே நிறுவனத்தில் வேலை செய்த, தேவாலயப் பாடற்குழுவில் பாடும் ஆர்ட் ஃப்ரைக்கு, பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டுகள் நழுவி நழுவி விழுந்துகொண்டே இருந்தன. அந்தப் பசையைத் துண்டுத் தாளில் தடவலாமே என்று அங்கேதான் பொறி தட்டியது.

ஆனாலும் 1977-இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தபோது ஓடவில்லை. துண்டுத் தாள் எல்லா மேசையிலும் சும்மா கிடக்கும்போது ஒட்டும் துண்டுத் தாளுக்கு யார் காசு கொடுப்பார்கள்? சொல்லிப் புரியவைக்க முடியாத பொருள் அது. அடுத்த ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரத்துக்குப் போய் அலுவலகங்களில் இலவசமாகக் கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். போஸ்ட்-இட் என்ற பெயரில் அது 1980-இல் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது. பொருளில் எந்த மாற்றமும் இல்லை. அது கைக்குப் போனது, அவ்வளவுதான்.

சோனி வாக்மேன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். பதிவு செய்யவே முடியாத டேப் கருவியை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே முணுமுணுத்தார்கள். சோனியை நிறுவியவர்களில் ஒருவரான அகியோ மோரிடா விடாப்பிடியாக நின்றார். 1979 ஜூலை 1-ஆம் தேதி விற்பனை தொடங்கியது. 30,000 செய்து வைத்திருந்தார்கள், மாதக் கடைசிவரை விற்றது ஏறக்குறைய 3,000. அப்புறம் ஊழியர்கள் டோக்கியோவில் கூட்டம் கூடும் இடங்களுக்குக் கருவியை எடுத்துப்போய், போகிற வருகிறவர்கள் காதில் மாட்டிவிட்டார்கள். நடந்துகொண்டே ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்ட அனுபவம் அதற்குமுன் அவர்களில் யாருக்கும் இருந்திருக்காது. ஆகஸ்ட் முடிவதற்குள் கையிருப்பு தீர்ந்தது. ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்வதற்கு முன் அரை மணி நேரமாவது கையில் வைத்துப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

முதல் மாடலையே கடைசி மாடலாக நினைப்பது

இதில் அதிகம் சொல்ல எதுவும் இல்லை. 1983-இல் விற்பனைக்கு வந்த மோட்டோரோலா டைனாடாக் கைபேசி 3,995 டாலர், பத்து மணி நேரம் சார்ஜ் போட்டால் அரை மணி நேரம் பேசலாம். கோடாக்கில் ஸ்டீவ் சாசன் 1975-இல் செய்த டிஜிட்டல் கேமரா ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. முதல் ஐபோனில் 3ஜி இல்லை, ஆப் ஸ்டோர் ஓர் ஆண்டு கழித்துத்தான் வந்தது, நகலெடுத்து ஒட்டும் வசதிக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு குறை, காலம் போனால் தானாகக் கரையும் குறையா, இல்லை அந்தக் கருவியின் எலும்பிலேயே இருக்கும் குறையா என்பதை மட்டும் பிரித்துப் பார்த்தால் போதும். பேட்டரி, வேகம், விலை எல்லாம் கரையும் வகை.

பொய் மேற்கோளை நம்புவது

‘உலகத்துக்கு ஐந்து கணினிகள் போதும்’ என்று ஐபிஎம்மின் வாட்சன் சொன்னதாக எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரமே இல்லை. நடந்தது வேறு. 1953-இல் பங்குதாரர் கூட்டத்தில் அவருடைய மகன், இளைய வாட்சன், 701 கணினியைப் பற்றிப் பேசினார். சுமார் 20 நிறுவனங்களிடம் போனோம், ஐந்து ஆர்டர் கிடைக்கும் என்று எதிர்பார்த்தோம், பதினெட்டோடு திரும்பினோம் என்றார். எதிர்பார்ப்பு குறைவாக இருந்தது உண்மைதான், ஆனால் அது நேர்மையான ஒரு கணிப்பு. அதை மூடத்தனமாகத் திரித்துச் சொன்னால் நமக்குச் சிரிப்பு மிஞ்சும். கணிப்பு எங்கே பிசகியது என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு கைநழுவிப் போகும்.

கேலியையே சான்றிதழாக எடுத்துக்கொள்வது

இது எதிர்ப்பக்கத் தவறு. ‘ஐபோனைப் பார்த்தும்தான் சிரித்தார்கள்’ என்று சொல்லி எந்தப் பொருளையும் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பது. ஜெயித்தவற்றை மட்டும்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சிரிப்புக்கு ஆளாகி, சிரித்தவர்கள் சொன்னபடியே மறைந்துபோனவை எத்தனையோ.

நேர்மாறான கதையும் உண்டு. 2001 டிசம்பரில் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் அறிமுகப்படுத்திய செக்வேயை, நின்றபடி ஓட்டும் அந்த இரு சக்கர மின்வண்டியை, நகரங்களின் வடிவத்தையே மாற்றப்போகும் கருவி என்றார்கள். தொழில்நுட்பம் அருமையானது, அதில் குறை சொல்லவே முடியாது. விலை ஏறக்குறைய 5,000 டாலர். நடைபாதையில் போனால் நடப்பவருக்கு இடைஞ்சல், சாலையில் போனால் ஓட்டுபவருக்கு ஆபத்து. விலை பின்னால் இறங்கியிருக்கலாம், ஆனால் ஓட்டுவதற்கு இடம் எங்கே? அந்தக் குறை எலும்பில் இருந்தது. 2020-இல் உற்பத்தியை நிறுத்தியபோது மொத்தம் ஏறக்குறைய 1,40,000 வண்டிகளே விற்றிருந்தன.

யாருக்கு என்று முதலிலேயே பெயர் எழுதிவிடுவது

செய்தவர்களே இந்தத் தவறில் விழுவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்கள் குறைந்துகொண்டே போனதைப் பார்த்துக் கவலைப்பட்ட ஈபன் அப்டனும் நண்பர்களும், பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிப் பார்க்க ஒரு மலிவான கணினி செய்தார்கள். ஒரே மின்சுற்றுப் பலகையில் அடங்கும் அந்தக் கணினிதான் ராஸ்பெரி பை. பத்தாயிரம் பலகைகள் விற்றால் நோக்கம் நிறைவேறிவிடும் என்று நினைத்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வெளியிட்டார்கள். முதல் நாளிலேயே ஒரு லட்சம் ஆர்டர்கள் வந்தன. வாங்கியவர்களில் பெரியவர்கள் ஏராளம். பொழுதுபோக்காக மின்னணுவியல் செய்பவர்கள் வாங்கினார்கள், அப்புறம் தொழிற்சாலைக்காரர்கள் வாங்கினார்கள், விளம்பரத் திரை வைப்பவர்கள் வாங்கினார்கள். பிள்ளைகளை விட்டுவிடவும் இல்லை. 2015 டிசம்பரில் இரண்டு ராஸ்பெரி பை கணினிகள் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போயின. அவற்றில் ஓடிய நிரல்களை எழுதியவர்கள் பள்ளி மாணவர்கள்.